இனு-ஓ: பாடல்களைக் கொன்றது யார்?

ஜப்பானின் நோ நாடக மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஸெஆமி. அவர் எழுதிய நாடகங்கள் இன்றும் மேடையேறுகின்றன. நடிப்புக் கலை குறித்த அவருடைய நூல்கள் பாடமாக இருக்கின்றன. அவருடைய காலத்திலேயே, அவர் நின்ற அதே அரசவையில், அவருக்கு இணையாகவும் சில வேளைகளில் அவரைவிட மேலாகவும் போற்றப்பட்ட இன்னொரு நடிகர் இருந்தார். ஓமி மாகாணத்தின் ஹியெ ஆட்டக்குழுவைச் சேர்ந்த அவருடைய பெயர் இனு-ஓ. 1408ஆம் ஆண்டு பேரரசர் கோ-கோமட்சு, ஷோகுன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) பதவியிலிருந்து விலகியிருந்த அஷிகாகா யோஷிமிட்சுவின் கித்தயாமா மாளிகைக்கு வந்தபோது அவர் முன் ஆடியவர் இவர். 1413இல் இறந்தார். அவர் எழுதியது என்று உறுதியாகச் சொல்ல ஒரு நாடகம்கூட இன்று கையில் இல்லை.

மசாகி யுவாசா இயக்கிய ‘இனு-ஓ’ என்ற அசைவூட்டப் படம் இந்த வெற்றிடத்தை ஒரு குற்ற வழக்காக எடுத்துக்கொள்கிறது. ஒரு மாபெரும் கலைஞனின் பாடல்கள் தாமாக மறைந்துபோகுமா, அல்லது யாராவது அவற்றை மறைத்தார்களா? படத்தில் துப்பறிவாளர் எவரும் இல்லை. ஆனாலும் கொலைகள் உண்டு, தடயங்கள் உண்டு, ஆதாயம் அடைந்தவர்கள் உண்டு. இதைப் பெரும்பாலோர் ராக் இசைப் படமாகவே பார்க்கிறார்கள். நான் இதை மர்மக் கதையாகப் படிக்கிறேன். இரண்டு குற்றவாளிகள், ஒரே நோக்கம்; சிறியவன் தண்டிக்கப்படுகிறான், பெரியவனுக்குப் பொன்மாளிகை கிடைக்கிறது.

படமும் அதன் பின்புலமும்

ஹிதேயோ ஃபுருகாவா 2017இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். அதற்கு முந்தைய ஆண்டு அவர், ஹெய்கே குலத்தின் வீழ்ச்சியைப் பாடும் ‘ஹெய்கே மோனோகத்தாரி’ என்ற பெருங்காவியத்தை இன்றைய ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த உழைப்பின் ஓரத்தில் முளைத்த கதை இது. திரைக்கதை அகிகோ நோகி, பாத்திர வடிவமைப்பு டாய்யோ மட்சுமோட்டோ, இசை யோஷிஹிதே ஓட்டோமோ. இனு-ஓவுக்குக் குரல் கொடுத்தவர் ராக் பாடகர் அவு-சான். நண்பன் டோமோனாவுக்கு நடிகரும் நடனக் கலைஞருமான மிராய் மோரியாமா. 2021 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2022 மே மாதம் ஜப்பானில் வெளிவந்தது. கோல்டன் குளோப் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. இதைத் தயாரித்த சயின்ஸ் சாரு நிறுவனமே இதே காலத்தில் ஹெய்கே காவியத்தைத் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட கதையும், அந்தக் கதையால் வெளியே தள்ளப்பட்ட கதையும் ஒரே பட்டறையில் உருவானது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

வழக்கைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் போதும்.

1185: ஷிமோனோசெகி நீரிணையில், டான்னோஉரா என்ற இடத்தில் ஹெய்கே குலம் கடற்போரில் அழிந்தது. ஆறு வயதுச் சிறுவனான பேரரசர் அன்தோக்குவை அவனுடைய பாட்டி இடுப்பில் அணைத்துக்கொண்டு, அலைகளுக்கு அடியிலும் ஒரு தலைநகர் இருக்கிறது என்று தேற்றியபடியே கடலில் குதித்தாள் என்கிறது காவியம். அரசுரிமைக்கு அடையாளமான மூன்று புனிதப் பொருள்களில் கண்ணாடியும் மணியும் திரும்பக் கிடைத்தன. வாள் கிடைக்கவில்லை.

1336: அரசகுடும்பம் இரண்டாகப் பிளந்தது. கியோட்டோவில் வடக்கு அரசவை. யோஷினோ மலையில் தெற்கு அரசவை. கியோட்டோவை ஆண்ட அஷிகாகா ஷோகுன்கள் வடக்கு அரசவையின் பின்னால் நின்றார்கள். புனிதப் பொருள்களோ தெற்கு அரசவையின் வசம் இருந்தன.

1392: மூன்றாவது ஷோகுன் அஷிகாகா யோஷிமிட்சு இரண்டு அரசவைகளையும் ஒன்றாக்கினார்.

படம் நடப்பது இந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலான காலத்தில். யாருடைய ஆட்சி முறையான ஆட்சி என்ற கேள்வி முடிவாகாத காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் பழைய கதைகளும் அரசியல் சொத்துகள்தாம். கதையில் வரும் எல்லாக் கொலைகளுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

முதல் சாவு

டோமோனா டான்னோஉரா கடற்கரையில் வளரும் சிறுவன். முங்கிப் பொருள் எடுப்பது அவன் குடும்பத்துக்குக் கைவந்த தொழில். தலைநகரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கையில் காசு இருக்கிறது, கடலின் அடியில் இன்ன இடத்தில் இருக்கும் ஒன்றை எடுத்துத் தர வேண்டும் என்கிறார்கள். தந்தையும் மகனும் எடுத்துத் தருகிறார்கள். தந்தை வாளை உறையிலிருந்து உருவுகிறார். ஒரு மின்னல் வெட்டு. தந்தை இரண்டு துண்டாகிறார், மகன் கண்ணை இழக்கிறான்.

காட்சி மிக வேகமாக முடிந்துவிடுகிறது. வாளின் சாபம் என்று நினைத்துப் பார்வையாளர் நகர்ந்துவிடலாம். கவனிக்க வேண்டியது வாளை அல்ல, அனுப்பியவர்களை. அதிகாரத்துக்கு உரிமைச் சான்று தேடியவர்கள் தங்கள் கையால் அதைத் தொடவில்லை. தொழிலாளி ஒருவனைத் தொட வைத்தார்கள். சிறுவனின் தாய் யார் இதைச் செய்தது என்று கேட்டுக்கொண்டே துயரத்தில் கரைகிறாள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பார்வையற்ற சிறுவன் கியோட்டோவை நோக்கிப் புறப்படுகிறான். தந்தையின் ஆவி அவன் கூடவே போகிறது.

இந்தப் பயணத்தில் யுவாசா செய்யும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டோமோனாவின் பார்வையின்மையைக் காட்ட அவர் திரையை வெறுமனே இருட்டாக்குவதில்லை. இருட்டின் நடுவே ஒலி எழும் இடத்தில் மட்டும் தூரிகைத் தீற்றல்போல ஒரு நிறம் தோன்றுகிறது. ஒருவர் நடந்தால் அந்தக் காலடிகள் தோன்றுகின்றன. நரம்பை மீட்டினால் ஒரு வடிவம் எழுந்து மறைகிறது. ஒலி இல்லாத இடத்தில் உலகமே இல்லை. படத்தின் பிற்பகுதியில் ஒரு பாடலைத் தடைசெய்வது எவ்வளவு பெரிய வன்முறை என்பதை நாம் உணர, இந்தச் சில நிமிடங்களே காரணம்.

வழியில் மியாஜிமா தீவில் ஒரு பிவா துறவி அவனைச் சீடனாக ஏற்கிறார். பிவா நான்கு நரம்புகள் கொண்ட கருவி. விசிறிபோல் அகன்ற மீட்டுகட்டையால் அதைத் தட்டி வாசிப்பார்கள். மொட்டைத் தலையும் துறவி உடையுமாக ஊர் ஊராகப் போய் ஹெய்கே கதையைப் பாடும் பார்வையற்ற பாணர்களை மக்கள் பிவா துறவிகள் என்று அழைத்தார்கள். வெறும் பொழுதுபோக்காக மட்டும் அவர்கள் அதைப் பாடவில்லை. போரில் மாண்டவர்களின் ஆவிகள் சாந்தி அடைய வேண்டும் என்பதும் அந்தப் பாட்டின் நோக்கம். சொல்லப்படாத கதை அமைதி அடையாத ஆவி என்ற நம்பிக்கையின் மேல் படம் முழுவதும் நிற்கிறது.

முகமூடியின் பேரம்

இரண்டாவது இழை ஹியெ குழுவின் தலைவனுடையது. சருகாகு என்று அன்று அழைக்கப்பட்ட, பின்னாளில் நோ ஆக உருமாறிய ஆட்டக்கலையில் முதலிடம் பிடிக்க வேண்டும் என்ற வெறி அவனுக்கு. பேய் குடிகொண்ட ஒரு முகமூடியோடு பேரம் பேசுகிறான். விலை: பிறக்கப்போகும் குழந்தை. பிறப்பது மனித உருவமே இல்லாத ஒரு பிள்ளை. ஒரு கை மட்டும் வளர்ந்து நீண்டு, முகம் இடம் மாறி, உடலெல்லாம் கோணலாக இருக்கிறான். சுரைக்குடுவை ஒன்றை முகமூடியாக மாட்டிவிட்டு, நாய்களோடு சேர்த்து வளர்க்கிறார்கள். அவன்தான் இனு-ஓ.

இதோடு இணையாக, நகரத்தில் பிவா துறவிகள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். யார் கொல்வது, எதற்குக் கொல்வது என்பதைப் படம் நெடுநேரம் மூடி வைத்திருக்கிறது. விடை தெரியும்போது முந்தைய காட்சிகள் எல்லாம் வேறு ஒளியில் தெரிகின்றன. கொலைகாரன் இனு-ஓவின் தந்தை. எவரும் கேட்டிராத ஹெய்கே கதைகளைச் சுமந்து திரிந்தவர்கள் அந்தத் துறவிகள். கதைகளோடு வந்த ஆவிகள் பிள்ளையின் உடலில் ஒட்டிக்கொண்டன. அவனுடைய உடல்தான் இந்த வழக்கின் தடயக் கிடங்கு.

மர்மக் கதைகளில் உண்மை வெளிப்படுவதற்கு ஒரு வழி வேண்டும். யாராவது விசாரிக்க வேண்டும், ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், கடிதம் ஒன்று கிடைக்க வேண்டும். இங்கே அந்த வேலையைப் பாட்டு செய்கிறது. ஆவி தன் கதையை இனு-ஓவிடம் சொல்கிறது. அவன் அதை ஆடுகிறான். ஆடி முடித்ததும் அவன் உடலின் ஓர் உறுப்பு மனித வடிவுக்குத் திரும்புகிறது. பாட்டு சாட்சியம், உடல் தீர்ப்பு. இப்படியொரு பின்னல் எனக்குத் தெரிந்த எந்த மர்மப் படத்திலும் இல்லை.

கைமேடு, திமிங்கிலம்

முதல் பெரிய பாட்டு கைமேட்டைப் பற்றியது. போரில் வெட்டுண்ட ஹெய்கே வீரர்களின் கைகள் புதைந்த மேடு. (காவியத்தில் இச்சினோதானிப் போரில் தடனோரி பிரபு கை வெட்டப்பட்டு மாள்கிறார், அந்தப் போர் நடந்த பகுதியில் கைமேடு என்றே ஒரு நினைவிடம் உண்டு.) இனு-ஓ தன் நீண்ட கையைச் சாட்டைபோல் சுழற்றுகிறான். அவனைச் சுற்றிக் கைகள் முளைக்கின்றன. மேடை ஆட்கள் அவற்றை இயக்குவதும் நமக்குத் தெரிகிறது, மறைக்கவில்லை. கூட்டம் கைதட்ட ஆரம்பிக்கிறது, பிறகு காலால் தரையை மிதிக்கிறது, பிறகு பல்லவியைத் தானே பாடுகிறது. பாட்டு முடியும்போது அந்த நீண்ட கை சுருங்கிச் சாதாரணக் கையாகியிருக்கிறது. ஏதோ நடந்துவிட்டது என்று கூட்டத்துக்குத் தெரிகிறது. என்ன நடந்தது என்பது இனு-ஓ, டோமோனா என்ற இரண்டு நண்பர்களுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்தது திமிங்கிலம். டான்னோஉரா போரின் நடுவே ஓங்கில்களின் (டால்பின்களின்) பெருங்கூட்டம் ஒன்று ஹெய்கே படகுகளை நோக்கி வந்ததாகக் காவியம் சொல்கிறது. அவை திரும்பிப் போனால் எதிரிக்கு அழிவு, படகுகளுக்கு அடியில் கடந்து போனால் நமக்கு ஆபத்து என்று நிமித்தகன் சொல்லி வாய் மூடும் முன்பே, அவை அடியில் நுழைந்து போய்விட்டன. படம் ஓங்கில்களைத் திமிங்கிலமாக்கிவிட்டது. விளக்கொளியில் துணியின்மேல் விழும் பெரும் நிழலாகத் திமிங்கிலம் நீந்துகிறது. மின்விளக்கு இல்லாத காலத்துக் கைவினைஞர்கள் எதையெல்லாம் வைத்து இதைச் செய்திருக்க முடியும் என்று யோசித்துச் செய்த மேடை இது. துணி, விளக்கு, கயிறு, ஆட்கள், அவ்வளவுதான். காட்சியில் பழைய காலத்தை மீறாமல், ஒலியில் மட்டும் மீறுகிறார்கள்.

ஒலிதான் பலருக்கு நெருடல். திரையில் பிவா, காதில் மின்கிதாரும் டிரம்ஸும். டோமோனா பெண்களின் உடை உடுத்தி, கூந்தலை வளர்த்து, பாலத்தின் மேல் நின்று கருவியை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசிக்கிறான். இது அக்கால இசை இல்லை என்று குறை சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எது அக்கால இசை? அரசு ஏற்றுப் போற்றிப் பாதுகாத்த ஹெய்கே பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அது நிதானமானது, பாடும்போது பிவா பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், இடைவெளியில்தான் ஒலிக்கும். தெருவில் பாலத்தின்மேல் கூட்டத்தைக் கூட்டிப் பாடியவர்களின் இசை கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துக் கிடைக்காததை அளப்பது, அழித்தவர்களின் அளவுகோலை நாமே கையில் எடுப்பதாகும். அன்றைய காதுக்கு அது எவ்வளவு புதிதாக, எவ்வளவு தாங்க முடியாததாக இருந்திருக்கும் என்பதை இன்றைய காதுக்குக் கடத்த ஓட்டோமோவும் அவு-சானும் தேர்ந்தெடுத்த வழி இது. எனக்கு இதில் எந்த மனத்தாங்கலும் இல்லை.

பாட்டுகள் நீளம் என்பது மட்டும் உண்மை. திமிங்கிலப் பாட்டில் கூட்டத்தின் அதே சில அசைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. படத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கச்சேரியாகவே கழிவதால், அரசவைச் சூழ்ச்சிக்குக் கிடைக்க வேண்டிய நேரம் குறைந்துவிடுகிறது.

பெயரை வழங்கும் அதிகாரம்

கியோட்டோவில் பிவா துறவிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் ககுஇச்சி. அவருடைய வழியில் வந்தவர்கள் பெயரின் இறுதியில் ‘இச்சி’ சேர்த்துக்கொள்வார்கள். சங்கத்தில் சேர்ந்ததும் டோமோனா டோமோஇச்சி ஆகிறான். தந்தையின் ஆவிக்கு மகனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆவிகள் பெயரை வைத்துத்தான் தேடும். பிறகு, சங்கத்தை மீறித் தன் குழுவை அமைக்கும்போது அவனே தனக்கு டோமோஅரி என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். நடுவில், யாருக்கும் வேண்டாதவனாகப் பிறந்த இனு-ஓ தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டவன். பெயரை இவர்களே வைத்துக்கொள்ள ஆரம்பித்த கணத்திலிருந்து அதிகாரத்துக்கு இவர்கள் ஆபத்தானவர்கள்.

வரலாற்றிலும் இந்த விஷயம் இருக்கிறது. உண்மையான இனு-ஓவுக்கு டோஅமி என்ற பெயர் வந்தது யோஷிமிட்சுவிடமிருந்து. ஷோகுனின் துறவுப் பெயரில் உள்ள ஓர் எழுத்து அதில் இருக்கிறது. பெருமையான பரிசு அது. அதோடு, இவன் யாருடையவன் என்பதைச் சொல்லும் முத்திரையும் அதுவே.

தடை

மூன்றாவது பாட்டு யோஷிமிட்சுவின் முன்னால் அரங்கேறுகிறது. ஆட்டத்தின் உச்சத்தில் இனு-ஓவின் முகம் மீள்கிறது. அதே நேரத்தில் அவன் தந்தை, மகன் தன்னை மிஞ்சுவதைப் பொறுக்காமல் முகமூடியிடம் மறுபடியும் போகிறான். அந்த முகமூடியாலேயே மாய்கிறான். கொலை வழக்கு இங்கே முடிந்துவிட்டது. வேறொரு இயக்குநர் படத்தை இந்த இடத்தில் முடித்திருப்பார்.

யுவாசா முடிக்கவில்லை. யோஷிமிட்சு ஆணையிடுகிறார்: ஹெய்கே கதைக்கு ஒரே ஒரு வடிவம்தான், அது ககுஇச்சியின் பாடம், மற்றவை பாடப்படக் கூடாது. டோமோனா மறுக்கிறான். ஆற்றங்கரையில் அவனை வெட்டிக் கொல்கிறார்கள். நண்பனின் உயிரைக் காப்பாற்றுவதற்காக இனு-ஓ பணிகிறான். பணிந்தும் உயிர் மிஞ்சவில்லை. அவன் அரசவையின் அருமைக் கலைஞனாகிறான். ஹெய்கேயின் அந்தக் கதைகளை அதன்பின் அவன் ஆடுவதில்லை.

இரண்டு குற்றங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தந்தை கதை சொல்லிகளைக் கொன்றான், தன் ஆட்டம் ஒன்றே முதன்மையாக நிற்க வேண்டும் என்பதற்காக. ஷோகுன் கதை சொல்லிகளைக் கொல்ல ஆணையிட்டார், தன் கதை ஒன்றே உண்மையாக நிற்க வேண்டும் என்பதற்காக. முதலாவது இருட்டில் ஒளிந்து நடந்தது, அதனால் கொலை எனப்பட்டது. இரண்டாவது பகலில், முத்திரையிட்ட ஆணையோடு நடந்தது. முகமூடியும் பேயும் இரண்டாவதற்குத் தேவைப்படவில்லை.

இதில் எது வரலாறு, எது புனைவு என்று பிரித்துச் சொல்வது நேர்மை. டோமோனா கற்பனைப் பாத்திரம். ககுஇச்சி தன் பாடத்தைச் சொல்லி எழுதவைத்தது 1371இல். அதே ஆண்டு இறந்தார். அப்போது யோஷிமிட்சு பதின்மூன்று வயதுச் சிறுவன், ஷோகுனாகி மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. சீடர்களுக்குள் பிற்காலத்தில் தகராறு வராமல் இருக்கவே அந்த எழுத்துப் பாடம் உருவானது. ஆற்றங்கரைக் கொலை கதையாசிரியரின் கற்பனை. ஆனால் ஒரு பாடம் நிலைபெற்று மற்றவை மங்கிய போக்கும், ஆட்டக்கலைஞர்களின் வாழ்வும் தாழ்வும் ஷோகுனின் ஒரு பார்வையில் தொங்கியதும் உண்மை. 1370களின் நடுவில் கியோட்டோவின் இமகுமானோவில் கான்அமி என்ற ஆட்டக்கலைஞரின் ஆட்டத்தைப் பார்த்த இளம் யோஷிமிட்சு, அவருடைய சிறுவயது மகனைத் தன் அருகில் வைத்துக்கொண்டார். அந்த மகன்தான் ஸெஆமி. படத்தில் ஃபுஜிவாகா என்ற இளமைப் பெயரோடு ஓரமாக வந்துபோகிறார். யோஷிமிட்சு 1408இல் இறந்தபின் ஆட்சி செலுத்திய ஷோகுன்களுக்கு ஸெஆமியிடம் அந்த ஈடுபாடு இல்லை. 1434இல் அவரைச் சாடோ தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

இனு-ஓவைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஸெஆமி வழியாகவே வருகிறது. அவருடைய மகன் 1430இல் தந்தையின் உரையாடல்களைத் தொகுத்தார். அதில் இனு-ஓ ‘அஓய் நோ உஎ’ நாடகத்தில் வண்டியில் ஏறி, நீண்ட ஆடை புரள மேடைக்கு வந்த விதம் வர்ணிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாடகம் இன்றும் ஆடப்படுகிறது. போட்டியாளராகக் கருதத்தக்க ஒருவரின் பாராட்டுதான் இனு-ஓவுக்கு மிஞ்சிய சாட்சி.

படம் எங்கே சறுக்குகிறது

யோஷிமிட்சுவின் பாத்திரம் மெலிந்தது. நாட்டை ஒன்றாக்க ஒரே கதை வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். ஆட்டத்தை உண்மையாகவே ரசித்த ஒருவர் அதே ஆட்டத்தை ஏன் அடக்கினார் என்பது இந்தக் கதையின் மிகக் கூர்மையான கேள்வி. அதற்குள் படம் இறங்கவில்லை. சூழ்ச்சி நடப்பது நமக்குத் தெரிகிறது, சூழ்ச்சிக்காரர்களின் மனம் தெரியவில்லை. பெண்களுக்கும் இங்கே இடம் இல்லை. டோமோனாவின் தாய்க்குப் பிறகு நினைவில் நிற்கும் பெண் எவரும் இல்லை. இனு-ஓ பணியும் காட்சி இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடியிருந்தால் நான் இந்தப் படத்தை இன்னும் ஒரு படி மேலே வைத்திருப்பேன். உடல் முழுதும் மனிதனாகி, முகம் மீண்டு, அழகும் வந்த பிறகுதான் அவனுடைய வாய் அடைக்கப்படுகிறது. கோணலான உடலோடு இருந்தபோது அவனை எவராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. இந்த முரணைப் படம் காட்டுகிறது, அதன் மேல் நின்று பார்க்கவில்லை.

முடிவைப் பற்றிச் சிலர் இனிப்பு அதிகம் என்கிறார்கள். அறுநூறு ஆண்டுகள் கழித்து, இன்றைய கியோட்டோ வீதியில் இனு-ஓவின் ஆவி டோமோனாவின் ஆவியைக் கண்டுபிடிக்கிறது. இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது: சாகும் தருவாயில் டோமோனா, சங்கம் கொடுத்த பெயரையும் தானே சூட்டிய பெயரையும் விட்டுவிட்டு, டான்னோஉராவில் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லியே செத்தான். நண்பனோ டோமோஅரி என்ற பெயரைக் கொண்டு தேடிக்கொண்டிருந்தான். தந்தை மகனைத் தேடித் தவித்த அதே விதியின்படி இது நடக்கிறது. படம் தன் விதியைக் கடைசிவரை மீறவில்லை. இருவரும் முதலில் சந்தித்தபோது இருந்த சிறுவர்களாக மாறி, அந்த நாளில் ஆடியதைப் போலவே ஆடுகிறார்கள். ஷோகுனின் ஆணை அவர்களை எட்டாது. ஆனால் அந்த வீதியில் நடந்துபோகும் ஒருவருக்கும் அவர்கள் பாடுவது கேட்பதில்லை. இதை இனிப்பான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.